தகரப் பேணியும் நெருப்புக் காய்ச்சலும்: அபடீன் நகர நிகழ்ச்சி, 1964

தொற்றுநோய்களின் வரலாறு பெரும்பாலும் இறந்தோர் தொகையைக் கொண்டே எழுதப்படுகின்றது. பல்லாயிரம் உயிர்களைக் கொண்டுபோன நோய்கள் நூல்களில் இடம்பெறுகின்றன. சிலரை மட்டும் வருத்திச் சென்றவை மறக்கப்படுகின்றன. இவ்வளவுகோல் எப்பொழுதும் பொருந்துவதன்று. 1964ஆம் ஆண்டு ஸ்கொற்லாந்தின் வடகிழக்குக் கரையிலுள்ள அபடீன் நகரிற் பரவிய நெருப்புக் காய்ச்சல் இறப்பென்று பார்த்தால் மிகச் சிறியதே. ஆயினும், உணவினாற் பரவும் நோயை ஆராய்ந்து அடக்குதல் எத்தகைய பணி, அப்பணி எங்கே வெற்றி பெறுகின்றது, எங்கே தவறுகின்றது என்பவற்றை அந்நிகழ்ச்சி காட்டியதுபோலக் காட்டியவை சிலவே.

அதனை விளங்கிக்கொள்ளுதற்கு நோயின் இயல்பை முதற்கண் அறிதல் வேண்டும். நெருப்புக் காய்ச்சல் நீரினாலும் உணவினாலும் பரவுவது. நோயாளியின் மலத்தின் வழியாகக் கிருமி வெளியேறிக் குடிநீரையும் உணவையும் அடைந்து பிறரைப் பற்றுகின்றது என்பதை இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் பட் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே வற்புறுத்தினார். அக்காலத்திற் கிருமி எதுவெனக் கண்டவர் எவருமிலர். 1880ஆம் ஆண்டு ஜேர்மனியரான ஏபேத் அக்கிருமியை நோயாளியின் உடலுறுப்புக்களிற் கண்டார். 1884ஆம் ஆண்டு காவ்கி அதனைத் தனியே வளர்த்துக் காட்டினார். அதன்பின் நீரைத் தூய்மை செய்தல், கழிவுநீரை வேறாக்குதல் ஆகியவற்றால் மேனாட்டு நகரங்களில் இந்நோய் குறைந்துகொண்டே வந்தது. 1948ஆம் ஆண்டு குளோறம்பெனிக்கோல் என்னும் மருந்து இந்நோய்க்கு ஏற்றதெனத் தெளிந்தபின் அச்சமும் குறைந்தது. 1960களிற் பிரித்தானிய மருத்துவ மாணவர் பலருக்கு நெருப்புக் காய்ச்சல் பாடநூலிற் படிக்கும் நோயேயன்றிப் படுக்கையருகே காணும் நோயன்று.

இந்நோய்க்கு வேறோர் இயல்பும் உண்டு. கிருமி உடலிற் புகுந்தவுடன் நோய் தோன்றுவதில்லை. பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வாரங்கள் கழிந்த பின்னரே காய்ச்சல் தலைகாட்டும். ஆதலால், நோயாளியிடம் விசாரிக்கச் செல்லும் அதிகாரி அவர் நேற்று உண்டதைக் கேட்டுப் பயனில்லை. இரண்டு வாரங்களுக்கு முன் எதனை, எங்கே வாங்கி உண்டார் என்று கேட்டல் வேண்டும். அதற்குள் உணவு தீர்ந்திருக்கும், பேணி குப்பையிற் போயிருக்கும், நினைவும் மங்கியிருக்கும். நெருப்புக் காய்ச்சலின் மூலத்தைத் தேடுவோன் மறைந்துபோன சான்றைக் கொண்டே வழக்கை நடத்த வேண்டியவனாகின்றான்.

அபடீன் அக்காலத்தில் இரண்டு இலட்சத்துக்குச் சற்றுக் குறைந்த மக்கள் வாழ்ந்த நகரம். மீன்பிடி, கருங்கல், பழைய சர்வகலாசாலை ஆகியவற்றாற் பெயர்பெற்றது. 1964ஆம் ஆண்டு மே மாத நடுப்பகுதியிற் சர்வகலாசாலை மாணவர் இருவர் காய்ச்சலுடன் வைத்தியசாலையிற் சேர்ந்தனர். சில நாட்களில் மேலும் பலர் வந்தனர். மே 20ஆம் திகதியளவில் நோய் நெருப்புக் காய்ச்சலே என்பது உறுதியாயிற்று. நகரின் சுகாதார வைத்திய அதிகாரி இயன் மக்குவீன் என்பவர். அவருடைய அலுவலர் ஒவ்வொரு நோயாளியையும் அணுகி முந்திய வாரங்களின் உணவு வரலாற்றைக் கேட்டறிந்தனர்.

நோயுற்றோர் நகரின் ஒரு பகுதியினர் அல்லர். ஒரே பால் வியாபாரியிடம் பால் வாங்கியோரும் அல்லர். ஒரே குழாய்நீரைக் குடித்தோர் என்று கொண்டால் நகர் முழுவதும் நோயுற்றிருத்தல் வேண்டும். இவ்வாறு ஒவ்வொன்றாக விலக்கி வரும்போது பொதுவாக எஞ்சி நின்றது ஒன்றே. நோயாளிகளுட் பலர் நகரின் பெருவீதியாகிய யூனியன் வீதியிலிருந்த ஒரு பெரும் பலசரக்குக் கடையில், மேலும் சமைக்காமலே உண்ணும் இறைச்சித் துண்டுகளை வாங்கியிருந்தனர். 'கோர்ன்ட் பீவ்' என்று வழங்கும், உப்பிட்டுத் தகரப் பேணியில் அடைத்த மாட்டிறைச்சியே ஐயத்துக்கு முதலில் இலக்காயிற்று. நோய் உறுதியாகிச் சில நாட்களுக்குள் ஆராய்ச்சி இவ்வளவு தூரம் வந்துவிட்டது. இது எளிதிற் கிடைத்த வெற்றியன்று. பொறுமையான கேள்விகளாற் பெற்ற வெற்றி.

ஆயினும் ஒரு சிக்கல் எழுந்தது. உப்பிட்ட மாட்டிறைச்சியைத் தொட்டும் பாராத சிலரும் நோயுற்றிருந்தனர். அவர்கள் அதே கடையில் வேறு வகைக் குளிர் இறைச்சிகளை வாங்கியவர்கள். இதற்கு விடை கடையின் மேசைமீதே இருந்தது. பெரும் பேணியொன்றைத் திறந்து இறைச்சிக் கட்டியை வெளியே எடுத்து, வாங்குவோர் கேட்ட அளவுக்கு இயந்திரத்தாற் சீவிக் கொடுத்தல் வழக்கம். அதே இயந்திரம், அதே அலகு, அதே கைகள் அடுத்துப் பிற இறைச்சிகளையும் சீவின. ஒரு பேணியிலிருந்த கிருமி அலகின் வழியாக மற்றையவற்றுக்கும் ஏறியது. வீட்டில் மீண்டும் சமைக்கப்படாத உணவாதலால், நெருப்பு அதனைத் தடுக்கவில்லை. ஒரு பேணி நூற்றுக்கணக்கானோரைப் படுக்கையிற் கிடத்திய விதம் இதுவே.

அப்பேணி எங்கிருந்து வந்தது? அது தென் அமெரிக்காவின் ஆர்ஜென்ரீன நாட்டிற் செய்யப்பட்டது. பேணியில் உணவை அடைத்துச் சூடாக்கிக் கெடாமற் காக்கும் முறையைப் பிரெஞ்சு நாட்டவரான அப்பேர் 1810ஆம் ஆண்டளவில் வெளிப்படுத்தினார். அவர் கையாண்டது கண்ணாடிப் போத்தல். விரைவிலேயே இங்கிலாந்திற் தகரப் பேணி அவ்விடத்தைப் பிடித்தது. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் உருகுவே, ஆர்ஜென்ரீனா ஆகிய நாடுகளின் பரந்த மேய்ச்சல் நிலங்களில் வளர்ந்த மாடுகளின் இறைச்சி, பேணிகளாக ஐரோப்பாவை அடைந்தது. படைவீரரும் தொழிலாளரும் மலிவாக உண்ட உணவு அது. பேணி பாதுகாப்பின் சின்னமாகவே மக்கள் மனத்தில் நிலைபெற்றது. முத்திரையிட்ட பேணியினுள்ளே நோய் இருக்கக்கூடும் என்று எவர் ஐயுறுவார்?

ஐயுறுதற்குக் காரணம் தொழில்முறையிலேயே இருந்தது. இறைச்சியைப் பேணியில் அடைத்து மூடி உயர்ந்த வெப்பத்தில் வேகவைக்கும்போது கிருமிகள் அழிகின்றன. அதன்பின் பேணியை விரைந்து ஆறச்செய்வதற்குக் குளிர்ந்த நீரைப் பயன்படுத்துவர். பேணி ஆறும்பொழுது அதனுள் அழுத்தம் குறைந்து வெற்றிடம் உண்டாகின்றது. மூடியைப் பொருத்திய மடிப்பிற் கண்ணுக்குப் புலனாகாத சிறு குறையொன்று இருப்பின், வெளியிலுள்ள நீர்த்துளி அவ்வழியே உள்ளிழுக்கப்படும். பின்னர் மடிப்பு இறுகிவிடும். வெளியே எவ்வடையாளமும் தெரியாது. நீர் தூயதாயின் கேடில்லை. நகரத்தின் கழிவு கலந்த ஆற்றுநீராயின், வேகவைத்துத் தூய்மை செய்த இறைச்சியினுள் நோய்க்கிருமி புதிதாகக் குடியேறும். அழுகலை உண்டாக்கும் கிருமிகள் பல வாயுவை வெளியிட்டுப் பேணியை வீங்கச் செய்து தம்மைத் தாமே காட்டிக்கொடுப்பன. நெருப்புக் காய்ச்சற் கிருமியோ அவ்வாறு செய்வதில்லை. பேணி வீங்காது; மணம் மாறாது; சுவையும் கெடாது. நல்ல உணவின் தோற்றத்தோடே நஞ்சு நிற்கும்.

இக்கேட்டைத் தடுக்க அரிய அறிவோ பெரும் பொருளோ வேண்டியதில்லை. ஆறச்செய்யும் நீரிற் குளோரீன் கலந்தாற் போதும். அபடீனுக்கு வந்த பேணியைச் செய்த தொழிற்சாலையில் அது செய்யப்படவில்லை. பெரும் நகரமொன்றின் கழிவு கலந்த ஆற்றுநீர் அவ்வாறே பயன்படுத்தப்பட்டது.

கிருமியின் இனமும் இம்முடிவுக்குத் துணைநின்றது. நெருப்புக் காய்ச்சற் கிருமியைப் பற்றி அழிக்கும் வைரசுகள் பல உண்டு. எவ்வைரசுக்கு எக்கிருமி இரையாகின்றது என்பதைக் கொண்டு ஒரே கிருமியைப் பல வகைகளாகப் பிரித்தறியும் முறையைக் கிரேய்கி, யென் என்னும் இருவர் 1938ஆம் ஆண்டு கனடாவில் வகுத்திருந்தனர். குற்றவாளியின் கைரேகைபோல் இது பயன்படும். அபடீன் நோயாளிகளிடம் கிடைத்தது 34ஆம் வகை. அது பிரித்தானியாவில் அரிதானது. எனவே, உள்ளூரிலிருந்த கிருமிதாவி ஒருவராற் பரவியது என்பதிலும், வெளிநாட்டிலிருந்து வந்தது என்பதே பொருத்தமாயிற்று. எனினும் அப்பேணி அகப்படவில்லை. நோய் தெரியவந்தபோது அது எறியப்பட்டு நாட்கள் பல சென்றுவிட்டன. முடிவு, பல சான்றுகள் ஒரே திசையைச் சுட்டியமையால் எய்திய முடிவேயன்றி, கையிற் பிடித்துக் காட்டிய முடிவன்று.

மூலத்தை அறிதல் ஒரு பணி. பரவலை அடக்குதல் வேறொரு பணி. 500க்கு மேற்பட்டோர் வைத்தியசாலைகளில் அனுமதிக்கப்பட்டனர். தொற்றுநோய் வைத்தியசாலையில் இடம் போதாமையால் வேறு வைத்தியசாலைகளிலும் இடம் ஒதுக்கப்பட்டது. நோய் தணிந்தபின்னும் மலப்பரிசோதனைகள் அடுத்தடுத்துக் கிருமியின்மையைக் காட்டும்வரை எவரும் வீடு செல்ல விடப்படவில்லை. உறவினர் உள்ளே செல்லல் ஆகாது. வெளியே நின்று கண்ணாடிச் சாளரத்தினூடாகவே தம்மவரைக் கண்டனர். தாய் உள்ளே, குழந்தை வெளியே. குழந்தை உள்ளே, தாய் வெளியே என்னும் காட்சிகள் வாரக்கணக்கில் நீடித்தன. பாடசாலைகள் மூடப்பட்டன. கைகளைக் கழுவுக என்னும் ஒரே அறிவுரை பத்திரிகை, வானொலி, தொலைக்காட்சி ஆகிய எல்லா வாயில்களாலும் மக்களிடம் கொண்டுசெல்லப்பட்டது.

இங்கேதான் மக்குவீனைப் பற்றிய விவாதம் எழுகின்றது. அவர் நாள்தோறும் பத்திரிகையாளரைச் சந்தித்தார். நோயுற்றோர் தொகையை மறைக்காது கூறினார். அபடீன் மக்கள் வெளியூர் செல்லாதிருத்தல் நன்று, பிறர் அபடீனுக்கு வாராதிருத்தல் நன்று என்றார். நகரை முற்றுகையிடப்பட்ட நகரமாகவும் வருணித்தார். முதல் அலை ஓய்ந்தபின் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் இரண்டாம் அலையும் அதன்பின் மூன்றாம் அலையும் வரக்கூடும் என்று எச்சரித்தார். பிரித்தானியாவின் செய்தித்தாள்கள் மட்டுமன்றிப் பிறநாட்டுத் தாள்களும் அபடீனைப் பற்றி எழுதின. விளைவு இரு வகைத்து. மக்கள் கைகழுவும் வழக்கத்தை இறுகப் பற்றிக்கொண்டனர். அதேவேளையில், அபடீனிலிருந்து வந்தவர் என்றறிந்ததும் விடுதிகளில் இடம் மறுக்கப்பட்டது. விருந்தினரையும் வணிகத்தையும் நம்பியிருந்தோர் பெரு நட்டமடைந்தனர்.

அஞ்சப்பட்ட அலைகள் வரவில்லை. நோயாளரிற் பெரும்பாலார் கடையிற் பரவிய தொற்றை நேரே பெற்றவர்களே. ஒருவரிடமிருந்து மற்றவருக்குச் சென்றது சிறிதளவே. மக்கள் எச்சரிக்கையைப் பின்பற்றியமையால் அலைகள் தடுக்கப்பட்டன என்று மக்குவீன் சார்பினர் கூறினர். தூய குழாய்நீரும் ஒழுங்கான கழிவு வடிகாலும் உள்ள நகரில் அவை வந்திரா என்று மறுசாரார் கூறினர். இரு கூற்றையும் முற்றாக நிறுவுதல் இயலாது. வராத நோயைக் கொண்டு தடுப்பின் பயனை அளத்தல் சுகாதாரத் துறையின் நிலையான இடர்ப்பாடு. ஜூன் மாத நடுப்பகுதியில் ஆபத்து நீங்கியதென அறிவிக்கப்பட்டது. அம்மாத இறுதியில் எலிசபெத் அரசியார் அந்நகருக்கு வருகைதந்தமை, அஞ்சிநின்ற பிற பகுதியினருக்கு நகரின் நலத்தை எடுத்துக்காட்டியது.

அரசாங்கம் சேர் டேவிட் மில்ன் தலைமையில் விசாரணைக் குழுவொன்றை நியமித்தது. மாட்டிறைச்சிப் பேணியே நோய்க்கு மூலமாயிருத்தல் கூடும் என்றும், ஆறச்செய்த தூய்மையற்ற நீரே அதனை மாசுபடுத்தியிருத்தல் கூடும் என்றும் அக்குழு முடிவுசெய்தது. செய்தித்தாள்களையும் தொலைக்காட்சியையும் மக்குவீன் பயன்படுத்திய அளவு வேண்டியதற்கு மேற்பட்டது என்றும் குறைகூறியது. ஆனால், குழுவின் விசாரணையாலும் பிற்கால வரலாற்றாசிரியர் அரசாங்கப் பத்திரங்களை ஆராய்ந்தமையாலும் வெளிப்பட்ட மிக முக்கியமான செய்தி வேறொன்று.

அபடீன் முதல் நிகழ்ச்சியன்று. 1963ஆம் ஆண்டில் மட்டும் இங்கிலாந்தின் ஹாலோ, சவுத் ஷீல்ட்ஸ், பெட்பட் ஆகிய மூன்று ஊர்களில் நெருப்புக் காய்ச்சல் தோன்றி, உப்பிட்ட மாட்டிறைச்சிப் பேணிகளோடு தொடர்புபடுத்தப்பட்டிருந்தது. 1940களின் பிற்பகுதியிலும் 1950களிலும்கூடப் பேணி இறைச்சியின்மீது ஐயம் விழுந்த நிகழ்ச்சிகள் இருந்தன. நீர் உள்ளிழுக்கப்படும் விதம் மருத்துவ ஏடுகளில் விளக்கப்பட்டிருந்தது. ஆர்ஜென்ரீனத் தொழிற்சாலையொன்றிற் குளோரீன் கலக்கப்படவில்லை என்னும் தகவல் அபடீன் நிகழ்ச்சிக்கு முன்னரே பிரித்தானிய உத்தியோகத்தர் கையில் இருந்தது. இவ்வளவும் தெரிந்திருந்தும், ஐயத்துக்கிடமான பேணிகள் யாவும் கடைகளிலிருந்தும் களஞ்சியங்களிலிருந்தும் மீட்கப்படவில்லை. அவற்றுளொன்றே யூனியன் வீதிக் கடையில் திறக்கப்பட்டது.

ஏன் மீட்கப்படவில்லை? ஒருவர் தீய எண்ணத்தோடு மறைத்தார் என்று கூறுதற்கு இடமில்லை. இறைச்சி இறக்குமதியை ஒரு திணைக்களமும் மக்கள் சுகாதாரத்தை வேறொரு திணைக்களமும் நோக்கின. ஸ்கொற்லாந்தின் நிருவாகம் வேறாயிருந்தது. ஆர்ஜென்ரீனாவுடனான வணிக உறவைக் கெடுத்துவிடலாகாது என்ற தயக்கம் இருந்தது. பல இலட்சம் பேணிகள் உண்ணப்படும் நாட்டில் மாசுற்றது ஒன்றோ இரண்டோதான் என்ற கணக்கும் ஆறுதலளித்தது. ஒவ்வொருவரும் தம் கடமையின் எல்லைக்குள் நின்று நியாயமாகவே சிந்தித்தனர். எல்லோருடைய நியாயங்களும் ஒன்றுசேர்ந்தபோது ஒரு நகரம் நோயுற்றது. மக்குவீன் மிகையாகப் பேசினார் என்பது உண்மையாயின், அவருக்கு முன்னே பேசவேண்டியவர்கள் பேசாதிருந்தனர் என்பதும் உண்மை. மிகையான பேச்சுக்குச் செலவு வணிக நட்டம்; பேசாமைக்குச் செலவு 500 நோயாளர். இவ்விரண்டையும் ஒரே தராசில் இடாமல் மக்குவீனைத் தீர்ப்பிடுதல் வரலாற்று முறையாகாது.

நிகழ்ச்சியின் பின்னர் இறக்குமதி இறைச்சிபற்றிய மேற்பார்வை இறுக்கப்பட்டது. வெளிநாட்டுத் தொழிற்சாலைகளின் நீர்த்தூய்மை கூர்ந்து நோக்கப்பட்டது. பேணி இறைச்சியால் நெருப்புக் காய்ச்சல் பரவும் வழி அடைபட்டது. கடை மேசையிற் பரவும் வழியோ அவ்வளவு எளிதில் அடைபடவில்லை. 1996ஆம் ஆண்டு ஸ்கொற்லாந்தின் விஷோ நகரில் ஓர் இறைச்சிக்கடையிலிருந்து 'ஈ. கோலை O157' என்னும் வேறொரு கிருமி பரவிப் பதினைந்துக்கு மேற்பட்ட முதியோரைக் கொன்றது. பச்சை இறைச்சியிலிருந்து சமைத்த இறைச்சிக்குக் கிருமி கடத்தப்பட்டமையே காரணம். ஆராய்ந்த குழுவுக்குத் தலைமைதாங்கியவர் அபடீன் சர்வகலாசாலைப் பேராசிரியர் ஹியூ பெனிங்ரன். பச்சையையும் சமைத்ததையும் வெவ்வேறு இடத்தில், வெவ்வேறு கருவிகளாற் கையாளுக என்பது அவர் குழுவின் முதன்மையான பரிந்துரைகளுள் ஒன்று. 2005ஆம் ஆண்டு தென் வேல்சிற் பாடசாலை உணவின் வழியாக அதே கிருமி 150க்கு மேற்பட்டோரைப் பற்றியது. அவர்களிற் பலர் சிறுவர். ஒரு சிறுவன் இறந்தான். அங்கும் விசாரணைக்குத் தலைமைதாங்கியவர் பெனிங்ரனே. காற்றை அகற்றிப் பொதிசெய்யும் ஓர் இயந்திரம் பச்சை இறைச்சிக்கும் சமைத்த இறைச்சிக்கும் பொதுவாகப் பயன்பட்டமை அங்கே தெரியவந்தது. 1964ஆம் ஆண்டின் சீவும் இயந்திரம் 2005ஆம் ஆண்டிற் பொதிசெய்யும் இயந்திரமாக வடிவம் மாறியிருந்தது; பிழை மாறவில்லை.

கிருமியை ஏபேத் கண்டதும், அதன் வகைகளைக் கிரேய்கி பிரித்ததும், நோயாளரிடம் கேள்வி கேட்டே அபடீன் அதிகாரிகள் ஒரு கடைமேசையை அடைந்ததும் விஞ்ஞானத்தின் உண்மையான வெற்றிகள். அவற்றின் பெருமை குறைத்துரைக்கத்தக்கதன்று. ஆயினும் அபடீனிற் குறைபட்டது அறிவன்று. அறிவு ஏட்டிலும் கோவையிலும் இருந்தது. ஆற்றங்கரைத் தொழிற்சாலையின் நீர்த்தொட்டிக்கும் கடைக்காரன் கைக்கும் அது சென்று சேரவில்லை. கண்டறிந்த உண்மையை அது வேண்டப்படும் இடத்துக்கு, வேண்டப்படும் காலத்திற் கொண்டுசேர்த்தலே சுகாதாரத் துறையின் தலையாய பணி. அப்பணி தவறியபோது, ஒரு பிடி குளோரீனாற் காக்கப்பட்டிருக்கக்கூடிய ஒரு நகரம், கண்ணாடிச் சாளரங்களுக்கு இருபுறமும் நின்று வாரங்கள் பலவற்றைக் கழிக்க நேர்ந்தது.